காற்று அறுத்த கிளை

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் எங்கள் ஓனகாலு ஊரில் முதலில் என் கடைக்குத்தான் வந்தார். குளிர்ந்த சோடா ஒன்று குடித்துவிட்டு ரவுனாவின் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து இன்னும் இரண்டு சோடா கேட்டு, இரண்டையும் நின்றபடியே குடித்தார்.

"என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறார். "காடு" என்று ரவுனா சொல்லியிருக்கிறாள். அவர் 'வேலை இல்லை' என்று எழுதிவிட்டார். ரவுனாவுக்குத் தலைகீழாக இருக்கும் எழுத்தையும் படிக்கத் தெரியும் என்பது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

"வேலை இல்லையா? டாட்டே, நீங்க உட்கார்ந்திருக்கிற முக்காலி எங்கேருந்து வந்துச்சு? உங்க தலைக்கு மேல இருக்கிற கூரைப்புல்லு கடையில வாங்குனதா? இப்ப ஒரு தட்டு காலி பண்ணீங்களே, மோபானே மரத்துப் புழு வறுவல், அது ஆகாயத்திலேருந்து விழுந்துச்சா? அதுல ஊத்துன எண்ணெய்? தொட்டுக்கிட்ட கீரை? அடுப்புல எரியுற விறகு? எழுதுங்க எல்லாத்தையும். ஒண்ணு விடக்கூடாது."

படிவத்தில் வேலைக்கு ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. அவர் ஓரத்தில் மேலேறி, பக்கத்தைச் சுற்றி வந்து, பின்பக்கத்திலும் எழுதியிருந்தார். அந்தத் தாளை எந்த இயந்திரத்தில் போட்டு எண்ணினார்களோ, எனக்குத் தெரியாது.

என் பெயர் சாய்மா. எங்கள் ஊரில் ஆண்களை டாட்டே, அதாவது ஐயா என்றும், பெண்களை மேமே, அதாவது அம்மா என்றும் கூப்பிடுவோம். சாலையோரத்தில் 'இன்னும் ஒண்ணு பார்' என்று பலகை தொங்குகிறதே, அந்த மதுக்கடை என்னுடையது. ரவுனாவின் வீடு என் கடைக்கு எதிரே, மணல் பாதைக்கு அந்தப் பக்கம். அவள் வாசலில் நின்று கோழியைக் கூப்பிட்டால் என் கோழிகளும் எழுந்து போகும். அப்படிப்பட்ட குரல் அது. அவள் கணவர் பிலிப்பஸுக்குக் கடற்கரைப் பட்டணத்தில் மீன் ஆலையில் வேலை. கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி டப்பா மீனோடு வருவார். ஜனவரியில் கிளம்புவதற்குள் அந்தப் பெட்டியைத் தானே தின்று தீர்த்துவிடுவார். மற்ற பதினோரு மாதமும் ரவுனாவும் மூன்று பெண் பிள்ளைகளும் கம்பு வயலையும் காட்டையும் நம்பித்தான் இருந்தார்கள். மழை ஏமாற்றினால் காட்டை மட்டும்.

ரவுனாவின் வயலில் நான்கு மரூலா மரங்கள் நின்றன. மூன்று பெண், ஒன்று ஆண். ஆண் மரம் காய்க்காது, சும்மா நிற்கும். ரவுனா அதைப் பிலிப்பஸ் என்றுதான் கூப்பிடுவாள். பெண் மரங்களில் பெரியதன் கிளை ஒன்று, என் இடுப்புப் பருமன் இருக்காது, தொடைப் பருமன் இருக்கும், வேலியைத் தாண்டி டாட்டே ஏராஸ்டஸின் வீட்டுப் பக்கம் நீண்டிருந்தது.

ஏராஸ்டஸ் முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் வேலியை ஒட்டி ஓர் அறை கட்டித் தகரக் கூரை போட்டார். வெயிலில் அது மின்னுவதைப் பார்க்க இரண்டு ஊர் தள்ளியிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆனால் மரூலாக்காய் பச்சையாகவே உதிரும், தரையில் கிடந்துதான் பழுக்கும். பச்சைக்காய் கல் மாதிரி இருக்கும். அது தகரத்தில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் வருஷம் அவர் தலைக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தூங்கினார் என்று அவர் மனைவி ஆவுனே சொன்னாள். ஆவுனே பொய் சொல்ல மாட்டாள், கொஞ்சம் கூட்டிச் சொல்வாள்.

இரண்டாவது வருஷம் ஜனவரியில், மூத்தவள் என்தேஷியின் பள்ளி விஷயமாக ரவுனா டவுனுக்குப் போய் இரண்டு நாள் தங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் கிளையைக் காணவில்லை. மரத்தில் வட்டமாக, வழவழவென்று ஒரு வெள்ளை முகம் மட்டும் இருந்தது.

"டாட்டே ஏராஸ்டஸ்! என் கொம்பு எங்க?"

நான் கடைக்குள் பீர்ப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். பாட்டில்கள் அதிர்ந்தன.

"காத்து, மேமே. பயங்கரக் காத்து. ஒடிச்சுப் போட்டுருச்சு."

"காத்தா? இவ்ளோ வழவழன்னு இருக்கே, காத்து ரம்பம் வெச்சிருந்துச்சா?"

"அது வந்து… சுத்திச் சுத்தி அடிச்ச காத்து, மேமே."

"ஒடிஞ்ச கொம்பு எங்க?"

"அதையும் காத்து தூக்கிட்டுப் போயிருச்சு."

"பக்கத்துல தொங்குற உங்க கால்சட்டையை விட்டுட்டு, தொடைத் தண்டிக் கொம்பைத் தூக்கிட்டுப் போச்சாக்கும்!"

ஏராஸ்டஸ் கொடியில் காய்ந்த கால்சட்டையைப் பார்த்தார். அதன் மேல் அவருக்குக் கோபம் வந்தது போல இருந்தது.

காய்க்கும் மரூலாவில் கை வைப்பது எங்கள் ஊரில் சின்னக் குற்றமல்ல. தலைவர் ஹாங்குலாவின் முற்றத்தில் விசாரணை நடக்கும், அபராதம் உண்டு. மறுநாள் காலை ரவுனா தலையில் நல்ல துணி கட்டிக்கொண்டு கிளம்பினாள். தலைவர் வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சுரைக்குடுவை.

"வா வா, மேமே ரவுனா! இந்த வருஷம் முதல் ஒமகோங்கோ. ஒரு கிண்ணம் குடி."

"வழக்குக் கொடுக்க வந்திருக்கேன், டாட்டே."

தலைவர் முகம் வாடியது. "வழக்கா? காலைல எட்டு மணிக்குத்தானே குடுவையைத் தொறந்தோம். இப்ப மணி என்ன?"

"எட்டரை" என்றார் ஒருவர்.

"அரை மணி நேரம் பிந்திட்டியே, தாயி."

மரூலாச் சாறு புளித்து ஒமகோங்கோ ஆகி, முதல் குடுவை திறந்துவிட்டால் அப்புறம் எங்கள் ஊரில் சட்டமே வேறு. ஆண்கள் கத்தியும் கம்பும் தூக்கக்கூடாது. யாரும் குரலை உயர்த்தக்கூடாது. வந்தவருக்கெல்லாம் சிரித்த முகத்தோடு கிண்ணம் நீட்ட வேண்டும். வழக்கு விசாரணை கிடையவே கிடையாது. முன்னோர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். வழக்குச் சொல்கிறவன், எதிர்வழக்குச் சொல்கிறவன், சாட்சி, நீதிபதி நாலு பேரும் போதையில் இருந்தால் என்ன தீர்ப்பு வரும்? சட்டத்தை மீறினால் ஒரு காளை மாடு அபராதம். ரவுனாவிடம் மாடே கிடையாது.

"காலம் எப்ப முடியும்?"

"ஊர்ல கடைசிக் குடுவை காலியாகிற அன்னைக்கு" என்று சொல்லித் தலைவர் ஏப்பம் விட்டார்.

ரவுனா என் கடையைத் தாண்டி வாயைத் திறக்காமல் நடந்து போனாள். அவள் கத்தாமல் போய் நான் பார்த்ததே இல்லை.

அன்று மத்தியானமே திட்டம் தயாராகிவிட்டது. குடுவைகள் காலியானால்தானே விசாரணை? குடுவை காலியாக வேண்டுமென்றால் பழம் தீர வேண்டும். பழம் தீர வேண்டுமென்றால் யாராவது பிழிய வேண்டும். ரவுனா வீடு வீடாகப் போனாள்.

"உங்க மரத்துப் பழத்தைக் கூடையில போட்டு என் வீட்டுக்குக் கொண்டாங்க. எல்லாரும் சேர்ந்து பிழிவோம். சாறு உங்களுக்கு. கொட்டையைத் திருப்பித் தூக்கிட்டுப் போற கஷ்டம் வேண்டாம், இங்கயே போட்டுட்டுப் போங்க."

பெண்களுக்கு ஒரே சந்தோஷம். மரூலாக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு தங்கம்தான். ஆனால் அதை உடைப்பது இருக்கிறதே! போன வருஷத்துக் கொட்டையே பல வீட்டில் உடைக்க ஆள் இல்லாமல் கிடந்தது. மறுநாளிலிருந்து ரவுனாவின் முற்றத்தில் இருபது, முப்பது பெண்கள். ஆளுக்கொரு மாட்டுக்கொம்பால் பழத்தோலைக் குத்திக் கிளப்பி, சாற்றைப் பிழிந்து, கொட்டையைப் பின்னால் எறிந்துகொண்டே இருந்தார்கள். பிழிகிற இடத்தில் பேசாத வம்பு கிடையாது. ஏராஸ்டஸின் மனைவி ஆவுனேவும் தினமும் வந்தாள், அதுவும் ரவுனாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கணவன் செய்ததற்கு மனைவியின் மேல் கோபப்பட முடியுமா? அவர்கள் இருவரும் சின்ன வயசுத் தோழிகள்.

ஏராஸ்டஸும் தினமும் வந்தார். பிழிகிற வீட்டில் ஆண்கள் வந்து கிண்ணம் வாங்கிக் குடிப்பது முறை. ரவுனா முழங்காலை மடித்து, இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்ட வேண்டும். நீட்டினாள். பல்லைக் காட்டியபடி நீட்டினாள்.

"குடிங்க, டாட்டே. கெட்டியாப் பிடிச்சுக்குங்க. காத்து வந்து கிண்ணத்தைத் தூக்கிட்டுப் போயிரப் போகுது."

"உங்க கைமணம் யாருக்கு வரும், மேமே!"

"கையில மணம் மட்டுமில்ல, பலமும் இருக்கு, டாட்டே. காலம் முடியட்டும், காட்டுறேன்."

"தலைவரே, இது சண்டையில்லையா?" என்று ஏராஸ்டஸ் திரும்பிக் கேட்டார்.

தலைவர் ஹாங்குலா கிண்ணத்துக்கு மேலே கண்ணைத் தூக்கி ரவுனாவைப் பார்த்தார். "சிரிச்சுக்கிட்டுத்தானே சொல்றா. சண்டையில்ல."

அடக்கி வைத்த கத்தல் எங்கே போகும்? ரவுனாவுக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. ஒருநாள் அவள் வயலுக்கு நடுவே ஒரு காலிக் குடுவையோடு போவதைப் பார்த்தேன். குடுவையின் வாயில் தன் வாயை வைத்து ஏதோ செய்தாள். குடுவை குலுங்கியது. பிறகு அடைப்பான் போட்டு இறுக்கி மூடிவிட்டு, சாந்தமான முகத்தோடு திரும்பி வந்தாள். இப்படி தினம் இரண்டு குடுவை. குடுவைக்குள் கத்துவது குரல் உயர்த்துவதில் சேருமா என்று ஏராஸ்டஸ் போய்த் தலைவரிடம் கேட்டார். தலைவர் நெடுநேரம் யோசித்து, வெளியே கேட்காதவரை சேராது என்று சொல்லிவிட்டார்.

மார்ச் முடிவதற்குள் ஊரில் ஒரு மரத்தடியிலும் பழம் இல்லை. வழக்கமாக ஏப்ரல் பாதிவரை இழுக்கும். குடுவைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் தலைவர் எல்லோரையும் நிறுத்திக் கேட்டார்.

"எந்த வீட்லயாவது பாக்கி இருக்கா?"

ரவுனா நாற்புறமும் பார்த்தாள். எந்தக் கையும் உயரவில்லை. அவள் பேச மூச்சு இழுத்தாள். அப்போது பின்வரிசையில் ஒரு கை எழுந்தது.

"எங்க வீட்டுல கொஞ்சம் இருக்கு, டாட்டே" என்றார் ஏராஸ்டஸ். "ஒரே ஒரு பானை. மண்ணுல புதைச்சு வெச்சிருக்கேன்."

"அப்ப காலம் முடியலை!" தலைவர் முகத்தில் வெளிச்சம். விசாரணையை விட ஒமகோங்கோ அவருக்கு ஒத்துக்கொள்ளும்.

அடுத்த ஞாயிறும் அதே பானை. அதற்கடுத்த ஞாயிறும் அதே பானை. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஏராஸ்டஸ் மருந்து மூடியளவு ஊற்றிக் கொடுத்தார். அப்படியும் குறைந்தால், பழைய பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய் ஒரு கேன் வாங்கி வந்து ஊற்றினார். இதை ஆவுனேதான் ரவுனாவிடம் சொன்னாள். கொட்டையைக் காய வைத்துப் புரட்டிக்கொண்டே சொன்னாள்.

"அவரு பயந்து போயிருக்காரு, ரவுனா. வேற ஒரு சங்கதியும் இருக்கு."

"என்ன சங்கதி?"

"சொல்லமாட்டேன். புருஷன்."

அந்தச் சங்கதி இதுதான். வெட்டிய கிளையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் ஏராஸ்டஸ் அதன் சிறு கிளைகளைச் சீவி, பட்டையில் சேறு பூசி, ஆட்டுப்பட்டியின் மூலைக் கம்பமாக நட்டுவிட்டார். மோபானேக் கழிகளோடு ஒரு கழியாக நிற்கும், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தார். முப்பது வருஷம் லாரியில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு மரூலாவைப் பற்றி என்ன தெரியும்? அது போத்தாக நட்டாலே பிழைத்துக்கொள்ளும் ஜாதி. கீழே ஆட்டுச்சாணம், பக்கத்தில் ஆடு குடிக்கும் தொட்டி. இருபதாம் நாள் கம்பம் ஒரு துளிர் விட்டது.

ஏராஸ்டஸ் அதைக் கிள்ளி எறிந்தார். மறுநாள் இரண்டு வந்தன. அவற்றையும் கிள்ளினார். அதற்கப்புறம் தினமும் விடிந்ததும் அவருக்கு அதுதான் முதல் வேலை. கிள்ளக் கிள்ள அது இன்னும் அடர்த்தியாகத் துளிர்த்தது. ஏணி போட்டு ஏறிக் கிள்ளுகிற நிலை வந்துவிட்டது. கிள்ளிய இலையை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஆட்டுக்குப் போட்டார். ஆடுகள் கொழுத்தன. காலத்தை நீட்ட நீட்டத் தன் கழுத்துக்கே கயிறு நீளுகிறது என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ரவுனாவின் முகத்தைப் பார்த்தால், விசாரணையைவிட இலை கிள்ளுவதே மேல் என்று தோன்றியிருக்கும்.

மே மாதம் பிறந்தது. எனக்கும் பொறுமை போய்விட்டது. ஒமகோங்கோக் காலம் முடியாமல் காசு கொடுத்து பீர் குடிப்பது எங்கள் ஊரில் கௌரவக் குறைச்சல். மூன்று மாதமாக நான் விற்றது தீப்பெட்டியும் சோப்பும்தான். ரவுனாவிடம் போனேன்.

"அவரு வீட்டுக்கு விருந்தாளியாப் போவோம்" என்றேன். "வந்த விருந்தாளியைப் போதும்னு அனுப்ப முடியாதுல்ல. உட்கார்ந்து பானையைக் காலி பண்ணிட்டு எழுந்திருப்போம்."

"எத்தனை பேரு?"

"பிழிஞ்ச அத்தனை பேரும்."

ரவுனா என்னைக் கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டே என் காதுக்குள் மெல்லச் சிரித்தாள். மெல்லச் சிரித்ததற்கே இரண்டு நாள் காதில் விண்விண்ணென்று இருந்தது.

சனிக்கிழமை காலை நாங்கள் முப்பத்தாறு பெண்கள் வரிசையாக ஏராஸ்டஸின் வாசலுக்குப் போய் நின்றோம். தலைவர் ஹாங்குலாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அவரைக் கூட்டிப் போக அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏராஸ்டஸ் அப்போதுதான் ஏணியை எடுத்துக்கொண்டு பட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து ஏணியைக் கீழே போட்டார்.

"விருந்தாளிங்க வந்திருக்கோம், டாட்டே" என்றாள் ரவுனா. தேன் சொட்டியது.

வேறு வழி? பானையைத் தோண்டி எடுத்தார். மூன்று மாதம் மண்ணுக்குள் இருந்த ஒமகோங்கோ. வாசனையே ஆளைப் பிடித்துத் தள்ளியது. முதல் கிண்ணம் குடித்த பெண் ஒற்றைக் கண்ணைக் கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை. ஆனாலும் யாரும் பின்வாங்கவில்லை. கிண்ணம் சுற்றிச் சுற்றி வந்தது. தலைவர் வசதியாக நிழல் தேடி, பட்டியின் மூலைக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

"டாட்டே, அங்க வேண்டாம், ஆட்டு நாத்தம்! இந்தப் பக்கம் நாற்காலி இருக்கு!" என்று ஏராஸ்டஸ் கெஞ்சினார்.

"நல்ல நிழலா இருக்கேப்பா."

சொல்லிவிட்டுத் தலைவரே யோசித்தார். கம்பத்துக்கு ஏது நிழல்? அவர் கிண்ணத்தில் ஓர் இலை வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். கடித்தும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தார்.

முப்பத்தாறு தலைகளும் அவரோடு சேர்ந்து மேலே நிமிர்ந்தன. ஆடு ஒன்று மட்டும் தன் காலை உணவு எங்கே என்று ஏராஸ்டஸைப் பார்த்துக் கத்தியது.

"ஏராஸ்டஸ்" என்றார் தலைவர். "காத்து தூக்கிட்டுப் போன கொம்பு, உன் வீட்லயே எறங்கி, குழி தோண்டி நின்னுக்கிட்டு, குடும்பம் நடத்துது."

ரவுனா எழுந்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. நாங்கள் காதைப் பொத்தினோம்.

"மேமே!" தலைவர் கையை உயர்த்தினார். "பானையில இன்னும் பாக்கி இருக்கு. காலம் முடியலை. ஒரு காளை மாடு, ஞாபகம் வெச்சுக்கோ."

ரவுனா பானையைப் பார்த்தாள். அப்படியே தூக்கி வாயில் வைத்தாள். வைத்த பானையைக் காலியாக்கிவிட்டுத்தான் எடுத்தாள். மூச்சு வாங்கியது. காலம் முடிந்தது. ஆனால் கத்த வாயைத் திறந்தபோது பெரிய ஏப்பம் ஒன்றுதான் வந்தது. அதற்கப்புறம் அவளை நாங்கள் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனோம்.

விசாரணை புதன்கிழமை நடந்தது. மூன்று மாதமாக ரவுனா ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாள். பிழியும்போது மனசுக்குள், வயலில் கோழிகளிடம், குடுவைகளில் என்று அதைச் சொல்லிச் சொல்லி மெருகேற்றியிருந்தாள். ஊரே தலைவர் முற்றத்தில் கூடியது. நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

"டாட்டே ஏராஸ்டஸ், கொம்பை வெட்டினது யாரு?" என்று கேட்டார் தலைவர்.

"நான்தான், டாட்டே. என்னை மன்னிச்சுருங்க, மேமே ரவுனா" என்றார் ஏராஸ்டஸ்.

"சரி, அவ்வளவுதான். தீர்ப்பு…"

"இருங்க!" என்று ரவுனா குதித்தாள். "அவரு அப்படிச் சொல்லக் கூடாது!"

"ஒத்துக்கிட்டாரேம்மா."

"நான் நிரூபிச்ச பிறகு ஒத்துக்கட்டும்! மூணு மாசமா வயித்துல வெச்சுக்கிட்டு இருக்கேன், டாட்டே. இதை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்?"

கூட்டத்தில் எல்லோரும் அவள் பக்கம்தான். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களுக்கும் ஏதாவது வேண்டாமா? தலைவர் தாடியைச் சொறிந்தார். பிறகு ஏராஸ்டஸிடம் தாழ்ந்த குரலில், "கொஞ்ச நேரத்துக்கு ஒத்துக்காம இரேன்" என்றார்.

ஏராஸ்டஸ் நல்ல மனிதர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "காத்துதான் வெட்டுச்சு, மேமே."

ரவுனா தொடங்கினாள். மரூலா மரம் பெண்ணுக்கு என்ன என்று சொன்னாள். பிலிப்பஸ் பதினோரு மாதம் இல்லாத வீட்டில் அடுப்பு எதனால் எரிகிறது என்று சொன்னாள். அந்த ஒரு கிளையின் பழம் எத்தனை கூடை, அதில் எத்தனை கொட்டை, அந்தப் பருப்பு எண்ணெயில் பெண் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை எத்தனை என்று விரலை மடக்கிச் சொன்னாள். காற்று என்றால் என்ன, ரம்பம் என்றால் என்ன, இரண்டுக்கும் உள்ள பதினோரு வித்தியாசங்கள் என்ன என்றும் சொன்னாள். தூரத்தில் மேய்ந்த மாடுகள் தலைதூக்கிப் பார்த்தன. நடுவில் ஏராஸ்டஸ் இரண்டு தடவை, கேட்காமலே, "காத்துதான், மேமே" என்று எடுத்துக் கொடுத்தார். முடிந்தபோது முதலில் கைதட்டியவரும் அவர்தான்.

"இப்ப ஒத்துக்கலாமா?" என்று கேட்டார்.

"ஒத்துக்குங்க" என்றாள் ரவுனா, துணியால் முகத்தைத் துடைத்தபடி.

தீர்ப்பு: ஒரு ஆடு அபராதம். பட்டியில் கொழுத்ததைத்தான் ரவுனா பிடித்தாள். துளிர்த்த கம்பத்தைப் பிடுங்கக் கூடாது, ஏராஸ்டஸ் தண்ணீர் ஊற்ற வேண்டும், காய்த்தால் ஆளுக்குப் பாதி. ரவுனாவின் முற்றத்தில் கிடக்கும் கொட்டையெல்லாம் தீரும்வரை, பருப்பு மூட்டைகளை அவருடைய பிக்கப்பில்தான் டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும், டீசலும் அவர் செலவு.

கொட்டை! அது எவ்வளவு இருக்கும் என்று அதுவரை யாரும் யோசிக்கவில்லை. ஊர்ப் பழம் முழுவதையும் பிழிந்த வீடல்லவா? ரவுனாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு குன்று நின்றது. கோழிகள் அதன் உச்சியில் ஏறி நின்று ஊரைப் பார்த்தன. எங்கள் பகுதியில் குன்றே கிடையாது, எங்கும் தட்டையான மணல். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வந்து ஏறிச் சறுக்கி விளையாடிவிட்டுப் போனார்கள்.

அந்த வருஷம் மழை பிப்ரவரியோடு நின்றுவிட்டது. கம்புக் கதிரில் பாதிக்கு மேல் மணியில்லாத சாவி. அறுவடை முடிந்து களஞ்சியத்தை எட்டிப் பார்த்த பெண்கள் எல்லோரும் முகம் சுண்டிப்போய் நின்றார்கள். எங்களுக்குக் குளிர்காலம் ஜூனில்; அந்தக் குளிரில் கம்பங்களி கிண்டும் அளவு மெல்ல மெல்லக் குறைந்து வந்தது. அப்போது ரவுனா மறுபடியும் வீடு வீடாகப் போனாள்.

"கொட்டை உடைக்க வாங்க. உடைச்ச பருப்புல பாதி உங்களுக்கு."

"அது உன் கொட்டையாச்சே" என்றாள் ஆவுனே.

"என் கொட்டையா? எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான். பழம் உங்களோடது."

கோடாலியின் கூர்முனையை மேல்நோக்கிக் கட்டையில் பதித்து, அதன் மேல் கொட்டையை வைத்து, இன்னொரு கட்டையால் தட்டி, பிளந்ததும் ஊசியால் பருப்பை நெம்பி எடுக்க வேண்டும். நாள் முழுக்கத் தட்டினால் ஒரு கிண்ணம். ஆனால் முப்பத்தாறு பேர் தட்டினால்? குளிர்காலம் பூராவும் எங்கள் ஊர் டொக் டொக்கென்று கேட்டது. மரங்கொத்திகள் வெட்கப்பட்டுப் போய்விட்டன என்று ஆவுனே சொன்னாள். நானும் கடையை என் தங்கையிடம் விட்டுவிட்டுப் போய்த் தட்டினேன். விரல் இரண்டு தடவை நசுங்கியது.

டவுனில் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் பருப்பை எடைபோட்டு வாங்கி, எண்ணெய் ஆட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. அங்கே பணக்காரிகள் அதை முகத்தில் பூசிக்கொள்கிறார்களாம். நாங்கள் களிக்கு ஊற்றிச் சாப்பிடுவதை! ஏராஸ்டஸின் பிக்கப் முதல் தடவை போய் நின்றபோது, சங்கத்து மேலாளர் மூட்டைகளை எண்ணிவிட்டு, எந்த ஊர் என்று கேட்டாராம். பிறகு ஒரே ஊரா என்று கேட்டாராம். ஏராஸ்டஸ் நெஞ்சை நிமிர்த்தி, "ஒரே வழக்கு" என்று சொன்னாராம். அப்படி அவர் ஏழு நடை போனார். நாலாவது நடையிலிருந்து டீசல் காசை ரவுனாவே கொடுக்க ஆரம்பித்தாள், தலைவருக்குத் தெரியாமல்.

அந்த வருஷம் எங்கள் ஊரில் பசிக்காக ஆடு விற்றவர் யாருமில்லை. மற்ற ஊர்களில் விற்றார்கள். என்தேஷி செவிலியர் படிப்புக்குச் சேர்ந்தாள், விடுதியில் இடமும் கிடைத்தது. ஆவுனே கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு, இத்தனை வருஷம் தன் கணவரை நன்றாகப் பார்த்ததே இல்லை என்று சொன்னாள், என்ன அர்த்தத்தில் சொன்னாளோ. ரவுனா இரண்டு கிடாரிக் கன்றுகள் வாங்கினாள்.

டிசம்பரில் பிலிப்பஸ் டப்பா மீன் பெட்டியோடு வந்தார். முற்றத்தில் புதுக் கன்றுகளைப் பார்த்து, யாருடையவை என்று கேட்டார். நம்முடையவை என்றாள். பெட்டியைக் கீழே வைக்காமலே கன்றுகளைச் சுற்றி வந்தார்.

"நான் அனுப்பின காசுலயா?"

"நீங்க அனுப்பினது சோப்புக்கு ஆச்சு."

ஜனவரி வந்தது. அவர் கிளம்பவில்லை. மீன் ஆலையில் கை எப்போதும் குளிர்ந்து மரத்துப் போகிறது, இங்கே ஏதாவது வேலை கொடு என்று ரவுனாவிடமே கேட்டார். மிச்சமிருந்த கொட்டையை உடைக்க உட்கார வைத்தோம். முதல் நாளே கட்டைவிரலில் போட்டுக்கொண்டார். ஊசி பிடிக்கவும் வரவில்லை, பருப்பு பொடிப்பொடியாக வந்தது. கடைசியில் முறத்தைக் கொடுத்து ஓட்டையும் பருப்பையும் புடைக்கச் சொன்னோம். அதில் மனிதர் கெட்டிக்காரர். ஒரு துண்டு ஓடு தங்காது. பெண்களுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தைத் தட்டிக்கொண்டு, எல்லா வம்பையும் கேட்டு, எங்களைவிட நன்றாக வம்பு பேசவும் கற்றுக்கொண்டார். சங்கத்தின் பதிவேட்டில் எங்கள் ஊர் உறுப்பினர் பட்டியல் பெண் பெயர்களாகவே இருக்கும். அதில் முப்பத்தேழாவதாக 'மேமே பிலிப்பஸ்' என்று எழுதியிருக்கிறது. திருத்தச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், பெண் உறுப்பினர்களுக்கு வருஷக் கடைசியில் ஒரு துணி கொடுக்கிறார்களே, அது போய்விடும் என்றார்.